யார் கை காட்டினாலும்

செப்டம்பர் 2, செவ்வாய்

இன்று காலை வானம் தெளிவாகக் காணப்பட்டது. எங்கள் இல்லத்தில் அனைவரும் நலமாக உள்ளனர். எழுபது வயதில் நான் மாணவனாகி ஏழு மாதங்கள் நிறைவடைந்துள்ளன. நூலகத்தின் மாடியில் மாலை நான்கு மணிக்கு நடைபெறும் வகுப்பில் பதினோரு பேர் பயில்கிறோம். தினமும் ஏதாவது எழுதுமாறு டீச்சர் கேட்டுக்கொண்டுள்ளார். அதன்படி இந்த நோட்டு இன்று தொடங்கி வைக்கப்படுகிறது.

செப்டம்பர் 4, வியாழன்

துறைமுகத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் கிரேன் இயக்கி ஓய்வு பெற்ற நான், தற்போது மகன், மருமகள், பேத்தி ஆகியோருடன் வசித்து வருகிறேன். மகன் பார்சல் கம்பெனியில் மேற்பார்வையாளராகவும், மருமகள் நகரப் பேருந்தின் ஓட்டுநராகவும் பணிபுரிகின்றனர். பத்தாம் வகுப்பு பயிலும் பேத்தி, படிக்கும்போது ஓயாமல் முணுமுணுப்பதால் சில்வண்டு என்று அழைக்கப்படுகிறாள்.

இன்று வகுப்பில் பாடத்தைத் தடையின்றி வாசித்தேன். "ரேடியோ மாதிரி படிக்கிறீங்களே ஐயா!" என்று மீன்கடை அம்மா பாராட்டு தெரிவித்தார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மாலை ஆறு மணியளவில் வீட்டில் பதற்றமான சூழல் நிலவியது. கணக்குத் தேர்வில் சில்வண்டு நூற்றுக்கு இருபத்தெட்டு மதிப்பெண் பெற்றதே இதற்குக் காரணம் எனத் தெரிகிறது. வீட்டுப்பாடங்களில் அவள் முழு மதிப்பெண் பெற்று வந்திருப்பது குறிப்பிடத்தக்கது. இணையமே அவளைக் கெடுத்துவிட்டதாக மகன் கடும் கண்டனம் தெரிவித்தார். மாதக் கடைசியில் வீட்டு இணைய இணைப்பு துண்டிக்கப்படும் என்றும் அறிவித்தார். நவம்பர் தேர்வில் கணக்கில் அறுபது எடுத்தால்தான் அவளுக்கு அடுத்த ஆண்டு அறிவியல் பிரிவு கிடைக்கும். அவளுக்கு அறிவியல் மீது உயிர்.

செப்டம்பர் 12, வெள்ளி

எனக்கு 31. நூற்றுக்கு. நாற்பது எடுத்தால் தேர்ச்சி.

இதை நானே எழுதினேன்.

செப்டம்பர் 14 முதல் 16 வரை

இந்த ஒரு பக்கத்துக்கு மூன்று நாள் ஆனது. மெதுவாகத்தான் வருகிறது. ஆனால் என் கை.

முதல் மூன்று நாள் எழுத்து என்னுடையது அல்ல. நான் போனிடம் பேசினேன். அது எழுத்தாக்கிக் காட்டியது. அதைப் பார்த்து நோட்டில் வரைந்தேன். போனிடம் பேசினால் எனக்குச் செய்தி வாசிப்பவர் குரல்தான் வருகிறது. ஏன்? முப்பத்தெட்டு வருடம் மத்தியானச் சாப்பாட்டோடு ரேடியோ கேட்ட வினை.

வகுப்புப் பாடமும் அப்படித்தான். புத்தகத்தின் மேல் போனைப் பிடித்தால் அது வாசிக்கும். நாலு தடவை கேட்டால் எனக்கு மனப்பாடம். வகுப்பில் விரலை ஓட்டிக்கொண்டே ஒப்பிப்பேன். மீன்கடை அம்மா பாராட்டியது போனை.

பரீட்சையில் பார்க்காத பாடம் கொடுத்தார்கள். ஒரு மருந்துச் சீட்டு. அது என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். முப்பத்தொன்று.

சனிக்கிழமை சாயங்காலம் பால்கனியில் உட்கார்ந்து போனிடம், "நடைபெற்ற தேர்வில் எதிர்பாராத பின்னடைவு ஏற்பட்டது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு குரல்.

"யாருக்குத் தாத்தா செய்தி வாசிக்கிறீங்க?"

சில்வண்டு போனைப் பார்த்தாள். நோட்டைப் பார்த்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்திவிட்டு, "நீங்களுமா?" என்றாள்.

அவள் தன் போனைக் காட்டினாள். கணக்கைப் படம் பிடித்தால் போதும். விடை வருகிறது. ஒவ்வொரு படியாக, அழகாக. அதை நோட்டில் இறக்கிவிடுவாள். படமும் பார்ப்பதில்லை, விளையாடுவதும் இல்லை. மாலை முழுக்க உட்கார்ந்து கணக்குத்தான் எழுதியிருக்கிறாள்!

"பார்க்கிறப்ப எல்லாம் புரியுது தாத்தா. பரீட்சையில பேப்பரும் நானும் தனியா இருக்கிறப்பதான் ஒண்ணுமே வரல. அப்பாகிட்ட சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

பண்ணிவிட்டேன். அவசரப்பட்டேனோ?

செப்டம்பர் 17, புதன்

தேர்ச்சி அட்டையில் ஒரு கோடு இருக்கிறது. கீழே எழுதியிருப்பதைக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். பாதுகாவலர் கையொப்பம். "வீட்டுல ஒருத்தர் போடணும் ஐயா. உங்க படிப்பு வீட்டுக்குத் தெரியணும்ல?" என்றார் டீச்சர். என் மகன் எனக்குப் பாதுகாவலன். முதலில் சிரித்தேன். அப்புறம் பயம் வந்தது.

அவன் பள்ளிக்கூட அட்டைகளுக்கெல்லாம் நான் கட்டைவிரல் வைத்தேன். எண் எனக்குத் தெரியும். எத்தனை டன் என்று பார்க்காமல் கிரேன் ஓட்ட முடியுமா? எழுத்துதான் தெரியாது. ஆறாம் வகுப்பில் அவன் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் 82 இருந்தது. "கணக்குப்பா" என்றான். துறைமுகம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

அந்தப் பையனிடம் இதை எப்படி நீட்டுவது?

செப்டம்பர் 19, வெள்ளி

அட்டை இன்றும் சட்டைப் பையிலேயே.

செப்டம்பர் 21, ஞாயிறு

மாதக் கடைசி வரை மகனுக்குப் பொறுக்கவில்லை. காலையிலேயே இணைப்பை நிறுத்தச் சொல்லிப் பேசப் போனான். சில்வண்டு மேசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அறிவியல் செய்முறைப் பாடமெல்லாம் அதில்தான் வருகிறது.

சொல்லிவிடலாமா? அவள் கதையைச் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். என் கதையைச் சொல்லக் கூடாது என்று யாரும் சத்தியம் வாங்கவில்லையே.

அட்டையை எடுத்து அவன் முன்னால் வைத்தேன்.

"என்னப்பா இது?"

"கையெழுத்துப் போடு."

"முப்பத்தொண்ணா? உங்களைத் தலையில தூக்கி வெச்சுக் கொண்டாடுறாங்கன்னு சொன்னீங்களே!"

"போனைக் கொண்டாடினாங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். செய்தி வாசித்ததையும். மருமகள் குடித்த தண்ணீர் புரையேறும் அளவுக்குச் சிரித்தாள். மகன் சிரிக்கவில்லை.

"இந்த வயசுல காப்பி அடிச்சீங்களா?"

"அந்த வயசுல பள்ளிக்கூடம் போயிருந்தா அப்பவே அடிச்சிருப்பேன்."

அப்போதுதான் சில்வண்டு, "அப்பா, நானும்தான்" என்றாள். பிறகு மொத்தத்தையும் கொட்டிவிட்டாள். நான் வாயே திறக்கவில்லை. சத்தியம் சத்தியமாகவே இருந்தது.

"பார்த்தியா? எல்லாம் நெட்டாலதான்னு நான் தலையால அடிச்சுக்கிட்டேன்ல?" என்று மகன் கத்தினான்.

மருமகள் நிதானமாகச் சொன்னாள். "எங்கிட்டயும்தான் போன் இருக்கு. ஸ்டியரிங் பிடிக்கிறப்ப தொட மாட்டேன். அதுக்காகத் தூக்கிக் கடல்லயா போட்டுட்டேன்?"

"அப்ப இவளை யார் நிறுத்துறது?"

சில்வண்டு என்னைப் பார்த்தாள். "தாத்தா, கிரேன்ல ஒரு விதி சொல்வீங்களே..."

கீழே ஒரு சைகைக்காரர் நிற்பார். தூக்கு, இறக்கு, திருப்பு எல்லாம் அவர் ஒருவர் காட்டினால்தான். வேறு யார் சொன்னாலும் கேட்கக் கூடாது. ஆனால் 'நிறுத்து' மட்டும் அப்படி இல்லை. டீ கொண்டுவருகிறவர் காட்டினாலும் நிறுத்த வேண்டும். ஏன் என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம். கையை நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க, இப்படியும் அப்படியும் வீசினால் நிறுத்து.

அவளே திட்டம் போட்டாள். அஞ்சரை முதல் ஏழரை வரை போன்கள் ஃபிரிட்ஜ் மேல். யார் எடுத்தாலும், யார் வேண்டுமானாலும் கை காட்டலாம்.

"யார் வேணும்னாலும்னா?" என்றான் மகன்.

"யார் வேணும்னாலும்."

நவம்பர் வரை பொறுப்பதாகச் சொன்னான். அறுபது வரவில்லை என்றால் அன்றைக்கே வெட்டு. அப்புறம் பேனாவைத் திறந்து என் முப்பத்தொன்றுக்குக் கீழே கையெழுத்துப் போட்டான். நல்ல கையெழுத்து. இப்போதுதான் என்னால் படிக்க முடிகிறது.

செப்டம்பர் 23, செவ்வாய்

இரண்டு மணி நேரம். ஒன்பது வரி படித்தேன். என் ஒன்பது வரி!

செப்டம்பர் 26, வெள்ளி

சில்வண்டு மூன்று கணக்கு போட்டாள். மூன்றும் தப்பு. அழுதாள். எழுந்து போய் ஃபிரிட்ஜ் பக்கம் நின்றாள். நான் கை காட்டினேன். காட்டும்போது எனக்கே பாவமாக இருந்தது. திரும்பி வந்து நாலாவதைப் போட்டாள். அதுவும் தப்பு. ஆனால் பாதி வரைக்கும் சரி என்றாள். பாதி வரைக்கும்!

அக்டோபர் 3, வெள்ளி

மகன் சீக்கிரம் வந்துவிட்டான். எங்களோடு மேசையில் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். சில்வண்டு பேனாவை வைத்தாள். கையை நீட்டி வீசினாள்.

"நான் என்ன படிக்கிறேனா? ஆபீஸ் மெசேஜ்டி."

கை இறங்கவில்லை. அவன் கோபம் எனக்குத் தெரியும், என்னிடமிருந்து போனதுதானே. நானும் கை நீட்டினேன். சமையலறை வாசலில் இன்னொரு கை. மருமகளுடையது, கரண்டியோடு.

"குடும்பமே கிரேன்ல ஏறிட்டீங்களா?" என்று முனகிக்கொண்டே போய் வைத்தான்.

பிறகு அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வாசலில் செருப்புகளை ஜோடி சேர்த்தான். கடிகாரத்தைத் துடைத்தான். கடைசியில் வந்து அவள் நோட்டைப் புரட்டினான். அவள் ஒரு கணக்கைக் காட்டினாள். அவனுக்கும் வரவில்லை.

"என்னப்பா, ஆறாவதுல கணக்குல எண்பத்திரண்டு எடுத்த ஆளு!" என்றேன்.

அவன் காது சிவந்தது. நோட்டைப் பார்த்தபடியே, "அது ஓவியம்" என்றான்.

"எது?"

"அந்த எண்பத்திரண்டு. ஓவியத்துல. கணக்குல இருபத்தாறு." என்னைப் பார்க்கவே இல்லை. "உங்களுக்குத்தான் படிக்கத் தெரியாதேப்பா."

முப்பத்திரண்டு வருடம்! துறைமுகம் முழுக்கச் சொன்னேனே! கப்பலில் வந்தவர்களிடம்கூடச் சொன்னேனே!

"என்னைவிட ரெண்டு கம்மி" என்றாள் சில்வண்டு. அவ்வளவுதான். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. கோபமா? தேடிப் பார்த்தேன், இல்லை. அவனும் பேப்பரோடு தனியாக நின்றிருக்கிறான். பக்கத்தில் உட்கார நான் இல்லை. நான் கிரேனின் உயரத்தில் இருந்தேன்.

ஆக, இந்த வீட்டில் ஏமாற்றாத ஒரே ஆள் பஸ் ஓட்டுகிறவள்தான்.

அக்டோபர் 14, செவ்வாய்

வகுப்பு விடுமுறை. மருமகள் ஓட்டும் பஸ்ஸில் கடைசி நிறுத்தம் வரைக்கும் போனேன். வழியில் இருந்ததையெல்லாம் படித்தேன். கண் மருத்துவமனை. டயர்கள் இங்கே சரிபார்க்கப்படும். இங்கே நிறுத்தாதீர்கள். முடி வெட்டுமிடம். ஊரே பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நான்தான் இத்தனை நாள் காது கேட்காதவன் போல நடந்திருக்கிறேன்.

சிக்னலில் பஸ் நின்றபோது மருமகள் திரும்பாமலேயே கேட்டாள். "மாமா, அடுத்த ஸ்டாப் என்ன போட்டிருக்கு?" படித்துச் சொன்னேன். பஸ்ஸில் இருந்த யாருக்கும் தெரியாது, அது பரீட்சை என்று.

அக்டோபர் 19, ஞாயிறு

சில்வண்டு முறையை மாற்றிவிட்டாள். முதலில் தானே போடுகிறாள். ஏழரை ஆனதும் போனை எடுத்து, எங்கே வழுக்கியது என்று பார்க்கிறாள். அதே போன். அதே விடை. "இப்ப அது சொல்றது எனக்கு உறைக்குது தாத்தா" என்றாள். நானும் அப்படியே. முதலில் நானே படிக்கிறேன். பிறகு போனைப் படிக்கச் சொல்கிறேன். ஒரு வார்த்தையில் அது திணறியது, நான் திணறவில்லை. யாரிடமும் சொல்லாமல் நடையில் இரண்டு சுற்று நடந்தேன்.

நவம்பர் 6, வியாழன்

அவளுக்கு இன்று கணக்கு. எனக்கும் இன்றுதான் தேர்வு. காலையில் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே அவள் எனக்கு ஒரு சைகை காட்டினாள். ஒரு கை அசைய, இன்னொரு கை அதன் முன்னால் அசையாமல். 'மெதுவாக.' எப்போதோ சொன்னது, நினைவு வைத்திருக்கிறாள்.

தேர்வில் ஒரு தண்ணீர் நிறுத்த அறிவிப்பு கொடுத்தார்கள். பார்க்காத பாடம். மெதுவாகப் படித்தேன். புதன்கிழமை தண்ணீர் வராது. எனக்குப் புரிந்தது! தண்ணீர் வராது என்று படித்து இவ்வளவு சந்தோஷப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன்.

நவம்பர் 27, வியாழன்

எனக்கு 58. மீன்கடை அம்மாவுக்கு 61. "இப்பதான் ஐயா மனுஷன் மாதிரி படிக்கிறீங்க, தட்டித் தடுமாறி" என்றார்.

நவம்பர் 28, வெள்ளி

மாலை எல்லோரும் மேசையில் இருந்தோம். சில்வண்டு மதிப்பெண் அட்டை இருந்த உறையைப் பிரிக்காமலே கொண்டுவந்தாள். மகன் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"தாத்தா படிக்கட்டும். நீங்க ஓவியத்தைக் கணக்குன்னு சொல்லிடுவீங்க."

பிரித்தேன். வலப்பக்கம் எண்கள் வரிசையாக நின்றன. கண் நேராக அங்கேதான் ஓடியது, பழக்கம். 49 இருந்தது. 64 இருந்தது. 77 இருந்தது. எது எதனுடையது?

உள்ளங்கையை வைத்து எண்களை மூடினேன். இடப்பக்கம் மேலிருந்து தொடங்கினேன். மொழி. சமூகம். மகன் வாயைத் திறந்தான். மருமகள் கையை வீசினாள். மூடிக்கொண்டான். அறிவியல். சில்வண்டின் முணுமுணுப்புகூட நின்றுவிட்டது. நாலாவது வரி. மெதுவாக.

"கணக்கு" என்றேன்.

கையை எடுத்தேன். அறுபத்துநாலு.

அவள் கத்திய கத்தலில் மேல்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். கத்தி முடித்து அட்டையை என் பக்கம் தள்ளினாள். மகன் பேனாவைத் திறந்து கொடுத்தான். பாதுகாவலர் கோட்டில் என் பெயரை முழுதாக எழுதினேன். கடைசி எழுத்துக்குக் கோட்டில் இடம் போதவில்லை. பரவாயில்லை என்றார்கள்.

பிறகு அவள் நோட்டை விரித்தாள். நான் என்னுடையதை விரித்தேன். மகன் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் பழைய கணக்குப் புத்தகத்தில் ஒன்றைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறான், நாக்கைக் கடித்தபடி. ஃபிரிட்ஜ் மேல் நாலு போன்களும் மாறி மாறி அதிர்கின்றன. மணி ஆறே கால். யாரும் எழுந்திருக்கவில்லை.