பசுவுக்குக் காளை

அன்புள்ள ஓடெட்,

மூஸ் மான் வேட்டைக் குலுக்கலில் எனக்குப் பசுமானை, அதாவது பெண் மானைச் சுடும் அனுமதிச் சீட்டு விழுந்திருக்கிறது. மான் கூட்டம் பெருத்தால் உண்ணி மண்டிக் கன்றுகள் சாகுமென்று இந்த வருடம் பசுவுக்கும் சீட்டு விட்டார்கள். உன் முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

சேதி கேட்டதும் நம் ஊர் மில்லில் வேலை பார்க்கும் ஆர்மாண்ட், நான் வேலை செய்யும் இந்த மீன் சந்தைக்கே வண்டியில் வந்துவிட்டான்.

"என் காளைச் சீட்டை நீ வச்சுக்கோ மச்சான், உன் பசுவைக் குடு. பெரிய கொம்பு கிடைக்கும்."

சும்மா தருகிற ஆளா அவன்?

"இணைசேர்ற சமயத்துல காளைக் கறி நாறும். கொம்பை வேகவச்சா தின்பாங்க?" என்றேன்.

தலையைக் குனிந்தான். "மில்லை மூடிட்டாங்கடா. குளிர்காலத்துக்கு வீட்டுல நல்ல கறி வேணும்."

மில் மூடியது நிஜம்தானா என்று விசாரித்து எழுது. கம்பளிக் காலுறையும் உன் ஊறுகாயும் அனுப்பு. தனியாகச் சாப்பிட்டால் எதுவும் ருசிப்பதில்லை. மீன் லாரி வந்துவிட்டது. பேசி முடித்தது இதுதான்: சீட்டுக்குச் சீட்டு, அவன் சுடும் பசுவில் ஒரு பின்னந்தொடை நமக்கு.

உன் லூசியன்