ரோஜாத் தொட்டிக்குப் போன தண்ணீர்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் சௌக்கியம், லாரியும் சௌக்கியம், நீயும் அப்படித்தான் என்று ஒரு வரி வந்தால் எங்கள் சௌக்கியம் முழுசாகும். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் இரண்டாவது வார்த்தையிலேயே நீ குறுக்கே புகுந்து என்னைப் பிடிபிடி என்று பிடித்துவிடுவாய், கடிதம் என்றால் கடைசிவரை படித்துவிட்டுத்தானே திட்ட முடியும். முதலில் நல்ல செய்தி. புது வேலையில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது என்பது உனக்குத் தெரியும், எந்தக் கம்பெனி என்று நீயும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. நீல லாரிக் கம்பெனி ஒரு பக்கம், மஞ்சள் லாரிக் கம்பெனி ஒரு பக்கம் என்று கோடு போட்டு, சம்பளம், ஆஸ்பத்திரிச் செலவு, லீவு, ஏசி கேபின் எல்லாவற்றுக்கும் மார்க் கொடுத்து, நீலத்துக்கு நட்சத்திரம் போட்டு அனுப்பினாயே, அந்தப் பட்டியல் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. நான் சேர்ந்தது மஞ்சளில்.

நீலத்தில் சம்பளம் கால் பங்கு அதிகம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. நீ எழுதிக் கொடுத்த கேள்விகளை ஒன்று விடாமல் கேட்டேன், மேனேஜரும் சளைக்காமல் பதில் சொன்னார். கடைசியில் உன் பட்டியலில் இல்லாத ஒன்றைக் கேட்டேன், யார்டில் பெண்களுக்கு டாய்லெட் எங்கே என்று. அந்த மனுஷன் பேனாவை மூடி வைத்துவிட்டு, "லேடி டிரைவர் யாரும் இதுவரைக்கும் வந்ததில்லம்மா, வழியில ஏதாவது பங்க்ல பாத்துக்குங்க, எல்லாரும் அட்ஜஸ்ட் பண்ணிக்கிறாங்கல்ல" என்றார். சரி, வழியில் நிறுத்தலாமா என்றால், பதினைந்து நிமிஷத்துக்கு மேல் வண்டி நின்றால் ஆபீசிலிருந்து போன் வருமாம், காரணம் சொல்ல வேண்டுமாம். எல்லாக் காரணத்தையும் முகம் தெரியாத ஆளிடம் சொல்ல முடியுமா, நீயே சொல். மஞ்சளில் கேள்வியே கேட்கவில்லை. மேனேஜர் அம்மா ஃபைலைத் திறப்பதற்குள், இதோ வருகிறேன் என்று எழுந்து நேராக டாய்லெட்டுக்குப் போனேன். விளக்கு எரிந்தது, குழாயில் தண்ணீர் வந்தது, தரை காய்ந்திருந்தது, தாழ்ப்பாளை மூன்று தடவை போட்டுத் திறந்து பார்த்தேன். திரும்பி வந்தால், நான் ஓடிவிட்டேன் என்று நினைத்து அந்த அம்மா அடுத்த ஆளைக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார், அவரை எழுப்பிவிட்டு நான் உட்கார்ந்தேன். வழியில் எங்கெங்கே இறங்கலாம் என்று இங்கே தாளில் அச்சடித்துத் தருகிறார்கள், லோடு ஏற்றக் காத்திருக்கிற நேரத்துக்கும் சம்பளம் உண்டு. ஏசி கிடையாது, ஜன்னல் இருக்கிறது.

இனி கெட்ட செய்தி, தண்ணீர் குடித்துவிட்டுப் படி. நீ வெளியூர் வேலைக்குக் கிளம்பும்போது மணிக்கு ஒரு கோடு போட்ட இரண்டு லிட்டர் பாட்டிலை என் கையில் திணித்து, தினமும் காலி பாட்டிலைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாய். நானும் அனுப்பினேன், நீயும் கைதட்டுகிற பொம்மை அனுப்பினாய். கண்ணு, அந்தத் தண்ணீர் என் வயிற்றுக்குள் போகவில்லை. குடித்தால் இறங்க வேண்டும், இறங்கினால் இடம் வேண்டும், அதனால் பழைய கம்பெனியில் இருந்தவரை வண்டியில் இரண்டு வாய் நனைத்துக்கொள்வதோடு சரி. வீட்டுக்கு வந்ததும் மீதியை வாசல் ரோஜாத் தொட்டியில் கவிழ்த்துவிட்டுப் படம் எடுப்பேன். வீடியோவில் பார்த்து, "செடி எப்படிம்மா இப்படிப் பூக்குது" என்று நீ கேட்டபோது அப்பா இருமிக்கொண்டே உள்ளே போனாரே, அது இருமல் இல்லை. என் முதுகு வலியும் சீட்டால் வந்ததில்லை, சிறுநீரகத்தில் கல். சின்னதுதான், தண்ணீரிலேயே போய்விடும், ஆனால் இப்படியே காயப்போட்டால் வண்டி ஓட்டுவதை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னார். ஸ்டியரிங்கைப் பிடிக்காத கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன், அன்றைக்கு ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து அழுதேன். அதற்கப்புறம்தான் வேறு கம்பெனி பார்க்க ஆரம்பித்தேன். நீ அனுப்பிய முதுகு மெத்தையில் அப்பா ராஜா மாதிரி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்கிறார். "பொண்ணுகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா" என்று கத்திரிக்கோலும் கையுமாக நின்றவரும் அவர்தான். உன்னை ஏமாற்றியது எனக்கு நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது, அம்மாவை மன்னித்துவிடு.

பழைய கம்பெனியில் உரக்கப் பேசுகிற டிரைவர் அண்ணன் ஒருத்தர் உண்டே, நீ மைக் செட் என்று பேர் வைத்தாயே, அவர் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு போகிறாயே என்று யார்டே கேட்க என்னைத் திட்டினார். காரணத்தைச் சொன்னதும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, முதல் தடவையாகக் குரலை இறக்கி, "அங்க இன்னொரு ஆளுக்கு எடம் இருக்குமாம்மா" என்றார். அடுத்த வாரம் அவரும் சேருகிறார், மஞ்சள் யார்டுக்கு இனி ஹாரன் தேவைப்படாது. முதல் நடையில் நான் நாலு இடத்தில் இறங்கினேன், ஒரு போன் வரவில்லை. வலி பாதியாகிவிட்டது, அடுத்த மாதம் ஸ்கேன் எடுத்துவிட்டு உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

நோய்நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி, நீ நன்றாக இருக்க வேண்டும் என்று எங்கள் இருவரின் ஆசீர்வாதம். நீயும் வேலை மும்முரத்தில் தண்ணீரை மறந்துவிடாதே, இந்தப் புத்தி என்னிடமிருந்து வந்திருக்கும். காலி பாட்டில் படம் இனி வராது, அதை நீ நம்பவும் வேண்டாம். இந்தக் கடிதத்தின் மடிப்பில் ரோஜாச் செடியின் வாடின இலை ஒன்றை வைத்திருக்கிறேன், மூன்று வாரமாக அதற்கு ஒரு சொட்டு கொடுக்கவில்லை. அதைப் பார்த்து நம்பிக்கொள். இன்றிலிருந்து செடி அப்பா பொறுப்பு.

இப்படிக்கு,
பாட்டிலைத் தானே காலி செய்கிற
உன் அம்மா