நாலாவது கைநாட்டு

5.11.1956, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. பதுளையில் மலையே தெரியவில்லை. ராமையாவின் காப்புறுதிப் பணத்தை அவன் மனைவி மாரியாயியிடம் கொடுக்க ஸ்பிரிங்வெளிக்கு அப்பாலுள்ள சின்னத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன். போன மாதம் மரம் விழுந்து செத்தவன்.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் கால் வைத்ததும் கதவுகள் வரிசையாகச் சாத்திக்கொண்டன. மாரியாயி மட்டும் நின்றாள். பண உறையைத் தொடவில்லை.

"தரையில வச்சிட்டுப் போங்கய்யா. ஒங்க கையால வேணாம்."

ஏன் என்று கேட்டேன்.

"ஆடி மாசம் ஒரே நாள்ல நாலு பேருகிட்ட நீங்களே வந்து காப்புறுதிப் பத்திரத்துல கைநாட்டு வாங்கினீங்க. ரெண்டு பேரு காய்ச்சல்ல போயிட்டாங்க. அப்புறம் எங்க வீட்டுக்காரரு. பாக்கி வேலம்மாதான். அவ மாசமா இருக்கா."

வைத்துவிட்டு வந்தேன். சப்பாத்து முழுக்க ஈரம். வாங்க வேண்டியவை: மண்ணெண்ணெய், பிள்ளைப்பேறு விடுதிக்குச் சவர்க்காரம், என் இருமலுக்கு மருந்து.

6.11, செவ்வாய்

கந்தோரில் அந்த நாலு பத்திரங்களையும் எடுப்பித்தேன். அவள் சொன்னது சரி. ஒரே தேதி, என் கையெழுத்து. செத்த மூவரின் கைநாட்டுகளும் வெளிறிச் சாம்பல் நிறமாகியிருக்கின்றன. வேலம்மாவுடையது ஓரத்தில் வெளிறத் தொடங்கிவிட்டது. அதே பெட்டியிலிருந்த மற்றவை எல்லாம் நல்ல கறுப்பு.

கிளாக்கர் சிவகுரு பார்த்துவிட்டு, "ஈரம் பிடிச்சிருக்கு ஐயா. வேற ஒண்டுமில்லை" என்றார்.

அப்படித்தான் இருக்கும். ஆனாலும் மத்தியானத்துக்குள் மூன்று தரம் பெட்டியைத் திறந்தேன்.

நானும் ஒரு காலத்தில் தோட்டக் கிளாக்கர். செத்தவர் பெயரைச் செக்ரோல் பதிவேட்டில் கோடு போட்டு அடிப்பது என் வேலை. விதவைகள் மூட்டையோடு லயத்தை விட்டுப் போவதை ஜன்னலால் பார்த்துக்கொண்டிருப்பேன். அதனால்தான் இந்தக் காப்புறுதிக் கம்பனியைத் தொடங்கினேன். அதன் லாபத்தில்தான் பிள்ளைப்பேறு விடுதி. திறந்து இரண்டு மாதம், ஒருத்தியும் வரவில்லை. மருத்துவமாது வெறும் கட்டில்களுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருக்கிறார்.

8.11, வியாழன்

மருத்துவமாது ஆளனுப்பியிருந்தார். வேலம்மாவுக்கு நேற்றிலிருந்து வலி. பிள்ளையின் தலை மேலே இருக்கிறதாம். விடுதிக்கு வர மறுக்கிறாள். அவளுடைய பத்திரத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். வழியெல்லாம் பனிமூட்டம்.

அவள் வீட்டு வாசலில் நின்றேன். உள்ளே போகவில்லை. இருட்டுக்குள்ளிருந்து அவள் குரல்: "பத்திரத்துல எம் பேர அடிச்சிருங்கய்யா. அடிச்சா வர்றேன்."

சட்டப்படி அப்படி அடிக்கக்கூடாது. எல்லோரும் பார்க்க அடித்தேன். இதுவரை செத்தவர் பெயரைத்தான் அடித்திருக்கிறேன். பேனா தாளைக் கிழித்துவிட்டது.

அவளைக் கம்பளியில் போட்டு விடுதிக்குத் தூக்கிப்போனார்கள்.

9.11, வெள்ளி

மழை விட்டது. பெண் குழந்தை. தாயும் தப்பினாள். கால்தான் முதலில் வந்ததாம். மருத்துவமாது எப்படியோ எடுத்துவிட்டார்.

பத்து மணிக்கு விடுதிக்குப் போனேன். முற்றத்தில் ஏழெட்டுக் கர்ப்பிணிகள். முதல் தடவையாக. நான் நடக்க நடக்க அவர்கள் சத்தமில்லாமல் விலகினார்கள்.

வேலம்மா படுத்தபடியே கும்பிட்டாள். பிறகு பிள்ளையை அணைத்துக்கொண்டு, "கோவிச்சிக்காதீங்கய்யா. புள்ள மொகத்தப் பாக்காதீங்க" என்றாள்.

சரி என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். புதுச் சுண்ணாம்பு வாசனை. குழந்தை அழுதது, பிறகு பால் குடிக்கும் சத்தம். மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக உள்ளே வருவது கேட்டது. எந்தக் காலடியும் என் பக்கம் வரவில்லை.