பதினொரு வீட்டுச் சாப்பாடு

பிப்ரவரி 11, 1986. சித்தூர்

104 கிலோ. தராசு சரியில்லை என்று சொல்லிப் பார்த்தேன். நர்ஸ் சிரிக்கக்கூட இல்லை.

போன மாதம் வெதுருகுப்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, சபை ஜனங்களின் வீடுகளுக்குப் போகும் இரண்டு மைலில் பாதியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். அது பாஸ்டர் கிருபானந்தம் ஐயா காதுக்குப் போயிருக்கிறது. "ஜூலைக்குள்ள நடக்க முடியலன்னா சொல்லிடுங்கம்மா. கிராம வேலையை உங்ககூட ஊழியம் பண்ற மேரிக்குக் குடுத்துட்டு உங்களைப் புஸ்தகக் கடையில உக்கார வெக்கிறேன்" என்கிறார். இருபத்தாறு வருடம் பைபிளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனவள் நான். கடையில் உட்கார்ந்து காலண்டர் விற்க வேண்டுமாம்!

பிப்ரவரி 19

திருப்பதிக்குப் போய் வந்தேன். வெளிநாட்டில் கற்று வந்த டாக்டர். உடம்பு இளைக்க, இரைப்பையின் மேல்பக்கத்தில் கொஞ்சம் விட்டுவிட்டு மீதியை மூடித் தைத்துவிடுவாராம். இதுவரை ஐந்து பேருக்குச் செய்திருக்கிறார். எனக்கு ஐம்பத்து நான்கு வயது, சர்க்கரை வேறு. நன்றாக யோசித்து வரச் சொன்னார்.

தினம் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். என்னவென்று சொல்வது? வெதுருகுப்பத்தில் மட்டும் பதினொரு வீடு. ஊருக்குள் இருப்பவர்கள் அந்த வீடுகளில் தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பதில்லை. நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். அதனால்தான் என்னை நம்பினார்கள். ஒரு வீட்டில் சாப்பிட்டு அடுத்த வீட்டில் வேண்டாம் என்றால் மனஸ்தாபம். மற்ற கிராமங்களிலும் இதே கதைதான். என் ஊழியத்தில் பாதி ஜெபம், பாதி சாப்பாடு. டாக்டரிடம், "எல்லாரையும்போலத்தான் சாப்பிடுவேன்" என்றேன்.

மார்ச் 2

என் வீட்டுக்காரர் முதலில் கேலி பண்ணினார். "கர்த்தர் குடுத்த வயித்தை டெய்லர்கிட்ட குடுக்கப் போறியா?" அப்புறம் அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று வாக்கு வாங்கியிருக்கிறேன். பித்தப்பையில் கல் என்று எல்லோருக்கும் சொல்லியாயிற்று. உபதேசம் பண்ணுகிறவளுக்கு வாயைக் கட்டத் தெரியவில்லை என்று சிரிப்பார்களே! பொய் சொல்கிறவள் என்றால் மட்டும் பரவாயில்லையா? — போதும், தலை வலிக்கிறது.

மார்ச் 14

ஒரு வாரமாகக் கஞ்சித்தண்ணீர். பக்கத்து வீட்டில் கருவாடு வறுக்கிறார்கள். அவர்களை மன்னிக்க முடியவில்லை.

மார்ச் 21. திருப்பதி

உயிரோடு இருக்கிறேன்.

மார்ச் 27

இருமினால் தையல் பிரிந்துவிடும்போல் இருக்கிறது. மருந்து கிளாஸில் ஒரு அவுன்ஸ் மோர். அதைக் குடிக்க அரை மணி நேரம்.

மேரி ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தாள். "கிராமத்துக்கு நான் போய்க்கினுதான் கீறேன் அக்கா. நீங்க நிதானமா எழுந்திருங்க" என்றாள். நல்ல பெண்தான். ஆனாலும் அந்த "நிதானமா" எனக்குப் பிடிக்கவில்லை.

மே 30. சித்தூர்

86 கிலோ. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. ஜாக்கெட் எல்லாம் தொளதொள. நேற்று அரை இட்லி கூடுதலாகப் போய் நெஞ்சிலேயே நின்றுவிட்டது. பைத்தியக்காரி, எதற்கு இதற்குப் போனேன்?

ஜூன் 24

இரண்டு மைல் நடந்தேன்! ஓரிடத்தில்கூட உட்காரவில்லை. இதை மட்டும் எழுதிவிட்டு நோட்டை மூடியிருக்கலாம்.

முதல் வீடு எப்போதும் கிருஷ்ணம்மாவுடையது. அந்தப் பதினொரு வீட்டில் முதன்முதலில் எனக்குப் பாய் போட்டவள் அவள். எனக்காகக் கோழி அடித்திருந்தாள். கேழ்வரகுக் களி, கோழிக் குழம்பு. ஒரு வாய் போதும் என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. "இன்னாம்மா, ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததும் எங்க ஊட்டுச் சோறு ஆவலியா?" என்றாள். அந்த வார்த்தைக்கு அப்புறம் நான் என்ன செய்வேன்? உருண்டை முழுவதையும் சாப்பிட்டேன்.

வாசலைத் தாண்டவில்லை. அவள் வீட்டு முன்னாலேயே அத்தனையும் வாந்தி. அக்கம்பக்கம் எல்லோரும் வந்து பார்த்தார்கள். கிருஷ்ணம்மா சாம்பல் கொண்டுவந்து அதன்மேல் போட்டாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஜூன் 26

இனி மேரியையே அனுப்பச் சொல்லி வெதுருகுப்பத்திலிருந்து ஆள் வந்ததாம். பாஸ்டர் ஐயா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நடக்கத்தானே வயிற்றைத் தைத்துக்கொண்டேன்? நடந்து போய் இன்னா பிரயோஜனம்? சீ!

ஜூலை 1

ஐயாவிடம் சொல்லாமல் போனேன். பதினொரு வீட்டிலும் வா என்றார்கள், பாய் போட்டார்கள், ஜெபத்துக்குத் தலை குனிந்தார்கள். ஒரு வீட்டிலும் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. இத்தனை வருடத்தில் இப்படி நடந்ததே இல்லை. பஸ்ஸில் அழுதேன். கண்டக்டர் பார்த்துவிட்டு டிக்கெட் கேட்காமல் போய்விட்டான்.

ஜூலை 4

கிருஷ்ணம்மா வீட்டில் வேறு யாரும் இல்லை. நல்லதாயிற்று.

"கல்லுன்னு சொன்னது பொய் கிருஷ்ணம்மா. உடம்பு எளைக்கறதுக்கு வயித்தைத் தெச்சுக்கினேன். அஞ்சு வாய்க்கு மேல உள்ள போவாது" என்று சொல்லி, புடவையை ஒதுக்கித் தழும்பைக் காட்டினேன். கிட்டே வந்து பார்த்தாள்.

"காசு குடுத்தா பசிய அடக்கிக்கினு வந்தே? நாங்க சும்மாவே அடக்கிக்கினு கீறோமே!" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவமானமாக இருந்தது. எழுந்து போய்விடலாம், புத்தகக் கடையே மேல் என்றுகூடத் தோன்றியது.

போகவில்லை. "பசிக்குது, ஏதாச்சும் குடு" என்றேன். அந்த வீடுகளில் நான் வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை. இத்தனை நாளும் கேட்பதற்கு முன்பே தட்டு வந்துவிடும்.

அவள் எழுந்து அடுப்பங்கரைக்குப் போனாள். காலையில் மிஞ்சிய களியை மோர் விட்டுக் கரைத்தாள். ஒரே கிண்ணம். தான் ஒரு வாய் குடித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். நான் ஒரு வாய் குடித்துவிட்டுக் கொடுத்தேன். இப்படியே மாற்றி மாற்றிக் குடித்தோம். என்னுடைய ஐந்தாவது வாய்க்கு அப்புறம் அவள் கிண்ணத்தை நீட்டவில்லை. மீதியைத் தானே குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "உம், பாட்டு எடும்மா. இன்னும் பத்து ஊடு கீது" என்றாள்.