அடுத்த பந்து யாருக்கு

தவறு செய்த பிள்ளையிடமே மறுபடியும் பந்தைக் கொடுப்பது அவளுக்கு உதவியா, தண்டனையா? உன்னிடம் பலமுறை வாதிட்டிருக்கிறேன். விடை எனக்கு இன்றும் தெரியாது.

இன்று மாலை ஜெனிஷா வீட்டுக்கு வந்தாள். முழங்கால் உறைகளை மேசைமேல் வைத்தாள். அவற்றில் உன் பையில் எப்போதும் வீசும் அந்தத் தைல வாசனை. நாங்கள் தோற்ற அரையிறுதியின் கடைசிப் புள்ளியில் பந்தை வலையில் அடித்தவள் அவள்தான்.

“நாளைக்கி நான் ஆடல்ல டீச்சர். வேற ஆளப் போடுங்க.”

விளையாட்டு டீச்சர் நீ போனபின், பள்ளி வாலிபால் அணியை என் தலையில் கட்டிவிட்டார்கள். கணக்கு டீச்சருக்கு விளையாட்டைப் பற்றி என்ன தெரியும்? உன்னோடு மைதானம் மைதானமாக வந்ததுதான் என் தகுதி.

“ஆட வேண்டாம். வந்து இரு, போதும்” என்றேன். தலையசைத்துவிட்டுப் போனாள்.

கொட்டாரம் மைதானத்தில் நாம் தோற்ற ஆட்டம் நினைவுக்கு வந்தது. மூன்று பந்துகளை வெளியே அடித்த பிள்ளைக்கே நான்காவதையும் போடச் சொன்னாய். அதுவும் வெளியே போனது. திரும்பும் பஸ்ஸில் நான் பொறுக்காமல் கேட்டேன்.

“உனக்குப் புத்தி உண்டுமா?”

“புத்திய நீயே வெச்சுக்கட்டி. கொஞ்சம் தள்ளி இரு, எனக்க காலு நோவுது.”

கொஞ்ச நேரம் கழித்து, முன்னிருக்கையில் தூங்கிய அந்தப் பிள்ளையைப் பார்த்தபடி சொன்னாய்: “அடுத்த பந்து கெடைக்காதவ, போன பந்தையே நெனச்சிட்டுக் கெடப்பா.”

அழகாகத்தான் சொன்னாய். ஆனால் அந்தப் பிள்ளை அடுத்த வருடம் ஆட வரவில்லை. ஏன் என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவளைப் பற்றி நீ அதிகம் யோசித்திருப்பாய் என்று இப்போது தோன்றுகிறது.

நேற்று இரவு இவ்வளவும் எழுதி நிறுத்தினேன். இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். ஜெனிஷா வந்தாள்; ஆடுகிறாயா என்று கேட்டதும், நான் கொண்டுபோன உறைகளை மறுக்காமல் மாட்டிக்கொண்டாள். அடிப்பதற்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் சுபாவிடம், முதல் பந்தை அவளுக்கே போடச் சொன்னேன். வெளியே அடித்தாள். அடுத்ததும் அவளுக்கே வந்தது. அவள் குதிக்கவே இல்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். நீயாக இருந்தால் விட்டிருக்க மாட்டாய். நான் வெளியே அழைத்துவிட்டேன்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. சில புள்ளிகள் போனபின் துண்டை இறக்கினாள்.

“சுபா தாத்திப் போடுகா டீச்சர். இன்னும் கொஞ்சம் ஒசரம் வேணும்.”

“அத அவகிட்ட சொல்லு.”

“இங்க இருந்து எப்பிடிச் சொல்ல?”

“அப்போ உள்ள போ.”

முறைத்தாள். பிறகு போனாள். அதன்பின் சிலதை உள்ளே அடித்தாள், சிலதை வெளியே. தோற்றோம். பஸ் ஏறும்வரை அவளும் சுபாவும் பந்தின் உயரத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள்.