பாக்கெட் வைத்த கவுன்

அன்பு அக்காவுக்கு,

நடந்ததில் எதையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். அப்பா இப்போது கணினி விளையாட்டில் வரும் பொம்மைகளுக்கு உடை வரைந்து விற்கிறார். வீட்டுச் செலவு அதில்தான் ஓடுகிறது. அந்த விளையாட்டு ஊரில் எப்போதும் நிலாக்காலம். அங்கே அவர் கடையில் உடைகள் காற்றில் மிதந்துகொண்டே இருக்கும்.

நீ அவரோடு சண்டை போட்டு வீட்டைவிட்டுப் போனதிலிருந்து உன் பேச்சையே எடுக்காதவர், போன வாரம் ஒரு நீலக் கவுனுக்குப் பாக்கெட் வைத்தார்.

"பொம்மைக்கு எதுக்குங்க பாக்கெட்? கைக்குட்டையா வைக்கப்போகுது?" என்று அம்மா சிரித்தாள்.

"பாக்கெட் இல்லேன்னா போடமாட்டேன்னு ஒருத்தி அடம்பிடிப்பாளே."

அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

எத்தனையோ பேர் கேட்டும் அதை அவர் விற்கவில்லை. விலை எழுதும் இடத்தில் 'என் மகளுக்கு' என்று போட்டிருக்கிறார்.

வந்து எடுத்துக்கொள், அக்கா. அந்தக் கடையில் உனக்காக இன்னும் விளக்கு எரிகிறது. இங்கே வீட்டில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுப் படுத்துவிட்டார்கள்.

உன் தங்கை