இரண்டு படிவங்களிலும் இல்லாத பெயர்

மார்ச் 4, செவ்வாய்

அலுவலகத்தில் மருத்துவக் காப்பீட்டுப் படிவம் கொடுத்துவிட்டார்கள். பதினான்காம் தேதிக்குள் நிரப்பித் தர வேண்டும். எனக்குப் பிறப்புப் பதிவுப் பிரிவு, அவருக்கு அரசுப் பேருந்துப் பணிமனை. இரண்டு துறை, இரண்டு திட்டம். பிள்ளையை யாராவது ஒருவர் திட்டத்தில் மட்டும்தான் சேர்க்கலாம்.

வேறு வருடமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எதிலாவது போட்டிருப்பேன். குட்டியின் இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருக்கிறது. சின்னக் குழாய் வைக்க வேண்டும், இரண்டு மாதத்துக்கு மேல் தள்ளாதீர்கள் என்றார் மருத்துவர். இரண்டரை வயதாகிறது, நான்கு வார்த்தைதான் பேசுகிறாள். 'அம்மா' அதில் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

சண்டை.

என் திட்டத்தில் பட்டியலில் உள்ள மருத்துவமனைக்குத்தான் போகலாம், ஆனால் கையிலிருந்து எதுவும் கட்ட வேண்டாம். அவருடையதில் எங்கு வேண்டுமானாலும் போகலாம், கடன் வாங்கியாவது முதலில் நாங்கள் கட்டிவிட வேண்டும்.

"பட்டியல்ல இருக்கிற டாக்டர் எப்படிப் பார்ப்பாரோ, யாருக்குத் தெரியும்?"

"உங்க ஆபீஸ்ல பணம் திரும்பி வர்றதுக்குள்ள அவளுக்குக் கல்யாண வயசே வந்துடும்."

"ஆமா, எல்லாம் உனக்குத்தான் தெரியும்."

அதோடு சரி. சாப்பிட்டாச்சா என்பதைக்கூடக் குட்டியைப் பார்த்துத்தான் கேட்கிறார். காது கேட்காத பிள்ளை வழியாக எங்களுக்குள் தூது.

மார்ச் 14, வெள்ளி

கொடுத்துவிட்டேன். வீம்பு பிடித்து என்ன சாதிக்கப் போகிறேன்? நல்ல மருத்துவராகப் பார்க்க வேண்டும் என்றுதானே சொன்னார். 'பிள்ளை துணைவர் திட்டத்தில் உள்ளது' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். அவரிடம் சொல்லவில்லை. அவர் பிடித்த பிடிக்கு எப்படியும் தன்னுடையதில்தான் போட்டிருப்பார்.

ஏப்ரல் 2, புதன்

அட்டைகள் வந்துவிட்டன. என் அட்டையில் நான். அவர் அட்டையில் அவர்.

"குட்டி பேர் எங்க?"

"உன்னதுல இல்லையா? நீ அவ்வளவு சொன்னியே, சரி உன் இஷ்டப்படியே இருக்கட்டும்னு விட்டேன்."

அந்த ஞாயிறுக்குப் பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் மறுபடி சண்டை வரும் என்று இருவரும் சுற்றிச் சுற்றிப் போயிருக்கிறோம். ஐயோ, என்ன பண்ணி வெச்சிருக்கோம்! வேற யாராவது பண்ணியிருந்தா சிரிச்சிருப்பேன். காப்பீடு இல்லாமல் அந்தச் செலவு எங்கள் இருவர் சம்பளத்துக்கும் எட்டாது. அடுத்த சேர்க்கை அடுத்த மார்ச்சில்தான் — அதுவரை அவள் எதையுமே கேட்காமல்?

ஏப்ரல் 3, வியாழன்

கண்காணிப்பாளரிடம் சொன்னேன். "ஊர்ப் பிள்ளைங்க பேரையெல்லாம் பதியறியேம்மா, சொந்தப் பிள்ளை பேரை விட்டுட்டியே!" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். திருத்த வழி இருக்கிறதாம். பத்தாம் தேதிக்குள், காப்பீட்டுப் பிரிவுக்கு, இருவரும் அவரவர் படிவ நகலோடு நேரில் போக வேண்டும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அவர்கள் முடியாது என்றுவிட்டால்? வேண்டாம், எழுதவே வேண்டாம்.

ஏப்ரல் 8, செவ்வாய்

அவரும் அரை நாள் விடுப்புப் போட்டு வந்தார். காப்பீட்டுப் பிரிவு எழுத்தர் அக்கா எங்கள் படிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இப்ப யாரோட திட்டத்துல சேர்க்கணும்?"

"இவளோடதுல" என்றார் அவர். "இவரோடதுல" என்றேன் நான். ஒரே நேரத்தில்.

"மறுபடியும் ஆரம்பிக்காதீங்க, எனக்குப் பசிக்குது. பாப்பாவைப் பார்க்கிற டாக்டர் எந்த ஆஸ்பத்திரி?"

சொன்னோம். என் திட்டத்தின் பட்டியலைப் புரட்டினார். ஏழாம் பக்கத்தில் இருந்தது எங்கள் மருத்துவமனை. எங்கள் மருத்துவரேதான்! ஒரு மாதமாக மல்லுக்கட்டியவர்கள், ஒருவராவது அதைத் திறந்து பார்த்தோமா?

குட்டியின் பெயரை அவள் அப்பாதான் எழுதினார், என் படிவத்தில். இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

ஏப்ரல் 29, செவ்வாய்

குழாய் வைத்தாகிவிட்டது. இருபது நிமிடம்தான். அவ்வளவு நேரமும் அவர் வெளியே உட்கார்ந்து அந்தப் பட்டியலை முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தார்.

மே 18, ஞாயிறு

எந்த மழலையர் பள்ளியில் சேர்ப்பது என்று பேச்சு வந்தது. அவர் ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, என் குரல் ஏறிவிட்டது. அவர் பதிலுக்குக் கத்தவில்லை. கதவுப் பக்கம் பார்த்தார். விளையாட்டை விட்டுவிட்டுக் குட்டி அங்கே வந்து நின்றிருந்தாள்.

"மெதுவாப் பேசு" என்றார். "அவளுக்குக் கேக்குது."